ஜப்பான் மச்சாளின் பாண்

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள தமிழ்ச் சனத்துக்கு என் பெயர் தெரியாவிட்டாலும் "ஜப்பான் பாண் அக்கா" என்றால் தெரியும். பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுப்பவர்கள் எங்களுக்குள் பத்துப் பேராவது இருப்பார்கள். பாண், இந்தியாக்காரர் பிரெட் என்பது, சுடுகிற ஆள் நான் ஒருத்திதான். இழை இழையாகப் பிரிகிற பால் பாண், சிவப்புப் பயற்றைச் சீனியோடு கிண்டி உள்ளே வைத்த பணிஸ். மோதகத்துக்குள் வைப்பதைப் பணிசுக்குள் வைத்ததுபோல இருக்கும் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தாருக்கு உடனே விளங்கிவிடும். கிழமை நாட்களில் எனக்கு ஒரு கிண்டர்கார்டன் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் என் சொந்தச் சமையலறை முழுக்க மா.

வாங்க வருகிறவர்கள் எங்கே பழகினீர்கள் என்று கேட்பார்கள். என்ரை மச்சாள், அண்ணாவின்ரை பெண்சாதி, ஜப்பான்காரி, அவதான் சொல்லித் தந்தவ என்பேன். எட்டு வருடம் அப்படிச் சொல்லி வந்தேன். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்றவர்களின் மச்சாள்மார் கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு சண்டை பிடிப்பார்கள். என் மச்சாள் ஜப்பானிலிருந்து பாண் சுடச் சொல்லித் தருகிறாள்.

அண்ணா என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கலியாணம் முடித்து ஜேர்மனிக்கு வந்தேன். அவர் மாணவர் விசாவில் ஜப்பானுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். ஒரு கார் உதிரிப்பாகக் கம்பனியில், ஒஃபீசில் வேலை என்று சொல்லியிருந்தார். அங்கே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டேன் என்று அவர் அறிவித்தபோது அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு கலியாணக் கூறைச் சேலை வாங்கி, ஜேர்மனிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் எனக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைக்குச் சேலை கட்டத் தெரியாதே, நீதான் எழுதி அனுப்பு என்றார். நான் படம் கீறி, எங்கே கொசுவம், எங்கே முந்தானை என்று அம்புக்குறி போட்டு, சேலையோடு வைத்து அனுப்பினேன். மச்சாளுக்குச் சரியான சந்தோசம் என்று அண்ணா சொன்னார்.

மச்சாளோடு நாங்கள் யாரும் நேரே கதைத்ததில்லை. அவளுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவு இல்லை, கமராவுக்கு முன்னால் வர வெட்கம் என்று அண்ணா சொல்வார். அவர்தான் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் வாய். பிள்ளை பிறந்த நூறாம் நாள் அதன் வாயருகே சோறும் மீனும் கொண்டுபோய், தீத்துவதுபோலச் செய்வார்கள் என்று சொன்னார். எங்கட சோறு தீத்தல்தான் என்று அம்மா மகிழ்ந்துபோனார். அவர்களும் பாணைப் பாண் என்றுதான் சொல்வார்கள், இரண்டு பேருக்கும் போர்த்துக்கேயன் கொடுத்துவிட்டுப் போனது என்றும் ஒருநாள் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த முகம் தெரியாத பெண் எனக்கு இன்னும் கிட்டவாகிவிட்டாள். பிள்ளையின் படங்கள் எட்டு ஒன்பது வயதுவரை வந்தன. பிறகு வரவில்லை. இங்கே பிள்ளைகளின் படத்தைப் பரப்ப விரும்பமாட்டார்கள் என்றார். ஜேர்மன்காரரும் அப்படித்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அம்மா செத்தபோது அண்ணாவால் வர ஏலவில்லை. நான்தான் போய் எல்லாம் செய்தேன். திரும்பி ஜேர்மனிக்கு வந்து வெறும் வீட்டுக்குள் நுழைந்த அன்று அண்ணா தொலைபேசியில் அழைத்தார். மச்சாள் தங்கள் வீட்டுப் புத்தர் மாடத்தில் அம்மாவின் படத்தை வைத்து, ஒவ்வொரு காலையும் முதல் வடித்த சோற்றில் ஒரு சின்னக் கிண்ணம் படைத்து, மணி அடித்துக் கும்பிடுகிறாள் என்றார். நாற்பத்தொன்பது நாள் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கமாம். நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். பெற்ற பிள்ளைகள் இருவரும் தூரத்தில் இருக்க, கண்டிராத மருமகள் ஒருத்தி அம்மாவுக்குச் சோறு வைக்கிறாள். அவளுக்கு நானே நன்றி சொல்லவேண்டும், நம்பர் தாங்கோ என்று கேட்டேன். அண்ணா கொஞ்சம் தயங்கினார். இரண்டு நாள் கழித்து அனுப்பினார்.

அப்படித்தான் தொடங்கியது. நான் பாடசாலை ஆங்கிலத்தில் எழுதுவேன். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசிக்கிறேன் என்று அவள் பதில் எழுதுவாள். சின்னச் சின்ன வசனங்கள். அம்மாவின் துக்கத்தில் நான் நித்திரை கொள்ளாமல் இருந்த நாட்களில், கைகளுக்கு வேலை கொடுங்கள், பாண் சுடுங்கள் என்று எழுதினாள். மாவில் ஒரு பங்கைக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் மிச்ச மாவோடு சேர்க்கச் சொன்னாள். இடியப்பத்துக்கு மா குழைக்கிற கை எனக்கு, அதனால் அது சுலபமாக வந்தது. அவள் அனுப்பும் அளவுகள்தான் விசித்திரமாக இருக்கும். எதுவும் கோப்பையிலோ கரண்டியிலோ இராது. மா நூறு, பால் எழுபது, சீனி எட்டு, உப்பு இரண்டு என்று எல்லாம் நூறு மாவுக்கு இத்தனை என்றே வரும். ஜப்பான் வீடுகளில் இப்படித்தான் போல என்று எண்ணிக்கொண்டேன். இங்கத்தைய மா வகைகளில் எது சரிவரும் என்று தேடி, ஏழெட்டுத் தடவை கல்லுப்போலச் சுட்டு, கடைசியில் சரியாக வந்த அன்று முதல் படத்தை அவளுக்குத்தான் அனுப்பினேன். இழை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பத்து நிமிடம் முந்தி எடுத்திருக்கலாம் என்று பதில் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். என் கணவர் நல்ல மனிதர், ஆனால் இந்தக் கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். மகன் வேறு நகரத்தில். இங்கே தெரிந்த பெண்களிடம் சொன்னால் அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை வாசல் முழுக்கத் தெரியும். நான் மச்சாளுக்கு எழுதினேன். இரத்தப் போக்கைப் பற்றி எழுதினேன். இனி நான் பெண் இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதினேன். கணவர் தொட்டு எத்தனை காலம் என்றுகூட எழுதினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதல் பார்த்தது அவளுடைய செய்தியைத்தான். பயப்படவேண்டாம், நீங்கள் அதே ஆள்தான் என்று இருந்தது.

போன வருட இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்தில், சுத்தமான ஜேர்மன் மொழியில். எழுதியவள் என் மருமகள், அண்ணாவின் மகள். டூபிங்கனில் ஒரு வருடம் படிக்க வந்திருக்கிறாள். நீங்கள் என் தந்தையின் தங்கை என்று நினைக்கிறேன், உங்கள் குடும்பம் எங்களோடு தொடர்பு வைக்க விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும், பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன், ஒரு தடவை உங்களைப் பார்க்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தாள்.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். பிள்ளைக்கு ஜேர்மன் சரியாக வரவில்லை, வேறெதையோ சொல்ல நினைத்து இப்படி எழுதிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாவை அழைத்தேன், எடுக்கவில்லை. உங்கள் மகள் இங்கே வந்திருக்கிறாளே, ஏன் சொல்லவில்லை என்று மச்சாளுக்கு எழுதினேன். வழக்கமாக அன்றன்றே பதில் எழுதுகிறவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு எழுதினாள்: எனக்கும் மகளுக்கும் சின்ன மனஸ்தாபம், அவளிடம் என்னைப் பற்றி அதிகம் கேட்கவேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வெள்ளியே மா குழைத்தேன். பால் பாண், பயற்றுப் பணிஸ், மேலே பிஸ்கட் மா போர்த்திக் கோடு கீறுகிற பணிஸ், மூன்றும் செய்தேன். தாயின் கைப்பாகத்தை மகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் படவில்லை. என் கணவர் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வந்தார். உயரமான பிள்ளை. அண்ணாவின் புருவம் அப்படியே. வாசலில் சப்பாத்தைக் கழற்றி, வெளியே பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரு பெட்டியை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் தங்கையை மாமி என்று கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மற்றதெல்லாம் நாங்கள் ஜேர்மன் மொழியில்தான் பேசினோம்.

பாணை வெட்டி வைத்தேன். கை கூப்பி எதையோ முணுமுணுத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து, வாயில் வைப்பதற்கு முன் மணந்து பார்த்தாள்.

"இது அப்பாவின் மணம்" என்றாள்.

நான் சிரித்தேன். அப்பாவுடையது இல்லை, உன் அம்மாவின் பாண், அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தவள் என்றேன்.

அவள் என் கணவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லை நான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள்போல. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எங்கள் வீட்டில் பாண் சுடும் அவண் இல்லை, மாமி. ஒருநாளும் இருந்ததில்லை. அம்மா பாண் சுட்டதே இல்லை."

மீன் வாட்டும் தட்டு ஒன்றும் சின்ன மைக்ரோவேவ் ஒன்றும்தான் இருந்தன, காலையிலும் சோறுதான் சாப்பிட்டோம் என்றாள். பாண் தொழிற்சாலையில் வேலை செய்வது அப்பாதான், அவள் பிறக்க முதலே அங்கேதான், அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் இந்த மணம் வரும் என்றாள். அதுவும் அவளுக்கு ஒன்பது வயதுவரைதான். அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். மாதத்தில் ஒரு தடவை அப்பாவைப் போய்ப் பார்ப்பாள்.

நான் கைத்தொலைபேசியை எடுத்து மச்சாளின் செய்திகளை அவளுக்குக் காட்டினேன். நான் பொய் சொல்லவில்லை என்று காட்டத்தான். ஒப்பரேஷன் காலத்துச் செய்திகள் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று விரலால் மேலே தள்ளிக்கொண்டே காட்டினேன். அவள் வாசிக்கவில்லை. மேலே இருந்த நம்பரை மட்டும் பார்த்து, தன் தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக அடித்தாள். ஒரு பெயர் வந்தது. ஜப்பான் எழுத்து எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"அப்பா, வேலை நம்பர்" என்றாள்.

அந்த மத்தியானம் முழுக்க நாங்கள் மேசையில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். இது உண்மையா, அது உண்மையா என்று நான் கேட்பேன். நூறாம் நாள் சோறு தீத்தியது உண்மை, படம் இருக்கிறது. மாடத்தில் அம்மாவுக்குச் சோறு வைத்தது பொய். பாட்டி இறந்ததே அவளுக்கும் அவள் தாய்க்கும் தெரியாது. கூறைச் சேலை போய்ச் சேரவில்லை. போன வருடம் அண்ணா வீடு மாறியபோது உதவிக்குப் போனவள், அலுமாரிக்கு மேலே ஜேர்மன் முத்திரை ஒட்டிய நாலு பார்சல்களை, அந்தக் கூறையும் பிறகு நான் பிள்ளைக்கு அனுப்பியவையுமாக, கண்டிருக்கிறாள். அனுப்பியவர் முகவரியை அதிலிருந்துதான் குறித்துக்கொண்டாள். யார் என்று கேட்டதற்கு, என் தங்கை, எங்களை ஒதுக்கி வைத்தவர்கள் என்று சொன்னாராம். நான் அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்து, மிஞ்சிய பாணை எல்லாம் பையில் போட்டுக் கட்டினேன். என் கணவர், பாண் என்ன பிழை செய்தது என்று கேட்டார்.

அண்ணா ஒரு கிழமை கழித்துத்தான் அழைத்தார். மகள் அவரிடம் பேசியிருக்கிறாள். எதையும் மறுக்கவில்லை. தொடக்கத்தில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று பயந்து, அம்மா சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் முந்திச் சொல்லிவிட்டாராம். பிறகு அம்மா சம்மதித்துச் சேலை அனுப்பியபோது, முதல் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. பிரிந்த பிறகு அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தார். அம்மா போன பிறகு நான் நம்பர் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் தனித் தனியாகக் கேட்டால் மன்னிக்கக்கூடியதுதான்.

"ஆஸ்பத்திரிக் கதை எல்லாம் நீங்கள்தானே வாசிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அண்ணாவிட்டை அதெல்லாம் ஒரு பொம்பிளை சொல்லுவாளே?"

"நீ எழுதுறதை நிப்பாட்டிப்போடுவாய் எண்டு பயந்தனான். எனக்கு வேறை ஆர் எழுதுகினம்?" என்றார்.

அவர் அழுதார். நான் தொலைபேசியை வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கூச்சம்தான் வந்தது. சொந்த அண்ணனுக்கு முன்னால் உடுப்பில்லாமல் நின்றதுபோல ஒரு கூச்சம். அதோடு இன்னொரு நட்டமும் இருந்தது. எட்டு வருடமாக எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அவள் செத்துப்போகவில்லை, கோபித்துக்கொண்டும் போகவில்லை. இருந்ததே இல்லை. நான் யாரிடம் போய்த் துக்கம் விசாரிக்கச் சொல்வது?

கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமை, மருமகளை நடுவில் வைத்துக்கொண்டு உண்மையான மச்சாளோடு பேசினேன். இனி அவள் எனக்கு மச்சாளா என்றும் தெரியாது, வேறு சொல் என்னிடம் இல்லை. திரையில் நரை ஓடிய, மெலிந்த ஒரு பெண். ஒரு தபால் கந்தோரில் வேலை. தலை குனிந்து வணங்கிவிட்டு, முதலில் அம்மாவின் இறப்புக்கு வருத்தம் சொன்னாள். எட்டு வருடம் பிந்தி. பிறகு, உங்கள் தாய் என்னைப் பற்றி என்ன சொன்னார், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்ததையும் சொன்னேன், மூன்றாம் நாள் கூறை வாங்கியதையும் சொன்னேன். நான் அம்புக்குறி போட்டுப் படம் கீறியதைச் சொன்னேன். மருமகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள், அங்கே நின்றுவிட்டுப் பிறகு தொடர்ந்தாள். தாய் ஏதோ சொன்னாள். நான் கேட்டபிறகு மருமகள் சொன்னாள்.

"இத்தனை வருடமும் நான் ஒரு கிழவி மேல் கோபமாக இருந்தேன், அப்படி ஒரு கிழவியே இருக்கவில்லையே என்கிறா."

ஒவ்வொரு புதுவருடத்துக்கும் அம்மாவுக்கென்று ஒரு வாழ்த்து மட்டை எழுதி, அனுப்பிவிடச் சொல்லி அண்ணாவிடம் கொடுத்திருக்கிறாள். எப்போதாவது மனம் மாறலாம் என்று. ஒன்றுகூட யாழ்ப்பாணம் வரவில்லை. இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. கடைசியில் நான் பாணைப் பற்றிக் கேட்டேன். உங்களுக்குப் பிடித்தது எது என்று. அவள் சற்று யோசித்தாள். தனக்குப் பாண் அவ்வளவாகப் பிடிக்காது என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிந்ததும் எனக்கு ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

புதுவருடத்தன்று மருமகள் எங்கள் வீட்டில் நின்றாள். அவள் தாய் வீட்டுச் சூப்பைச் செய்தோம். ஆசியக் கடையில் வாங்கிய அரிசிக் கட்டிகளை வாட்டி, தெளிந்த ரசம்போன்ற ஒன்றில் கோழியும் கீரையும் சேர்த்துப் போடுவது. உருண்டைக் கட்டியா சதுரக் கட்டியா என்பதில் ஊருக்கு ஊர் சண்டையாம். இவர்கள் சதுரம். என் கணவர், உப்பில்லாத களி மாதிரி இருக்கு என்று தமிழில் சொல்லிவிட்டு இரண்டாம் கிண்ணமும் வாங்கினார். எனக்கு அந்த ருசி பிடித்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இதை யாரும் எனக்காக மாற்றிச் சொல்லவில்லை என்ற எண்ணத்தோடு குடித்தேன்.

பாண் சுடுவதை இரண்டு மாதம் விட்டிருந்தேன். கேட்டவர்களுக்குக் கை நோ என்றேன். மாசியில் ஒரு பெண் தன் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று பிடிவாதமாகக் கேட்டாள், "அந்த மச்சாளின்ரை பாண்தான் வேணும்" என்றாள். என் கையில் அப்போதும் அதே செய்முறைதான், நூறு மாவுக்கு எழுபது பால். அதை மாற்ற ஏலாது, மாற்றினால் பாண் வராது. சுட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது, இது என்ரை அண்ணாவின்ரை அளவு, அவர் அங்கை பாண் கொம்பனியிலை வேலை என்று சொன்னேன். அப்ப மச்சாள்? என்று அவள் கேட்டாள். அவவுக்குப் பாண் பிடியாது என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். இத்தனை காலமும் பொய் சொன்னவள் நான் என்று நினைத்திருப்பாள். அதில் பிழையும் இல்லை.

அண்ணா சித்திரையில் வருகிறார். மகளைப் பார்க்க என்று சொன்னாலும் என்னைப் பார்க்கத்தான். முதலில் மச்சாளுக்கு உங்கள் கையால் எழுதுங்கள், அம்மா சம்மதித்தவர் என்று எழுதுங்கள், பிறகு பார்ப்போம் என்று செய்தி அனுப்பினேன். எழுதியிருக்கிறார். தாய் அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போனாள் என்று மருமகள் சொன்னாள்.

என் கணவர் விமான நிலையத்துக்குப் போக லீவு கேட்டுவிட்டார்.

"நீரும் வாரும்" என்றார். "உம்மடை அண்ணன்தானே."

"ஓம், அண்ணன்தான்" என்றேன். "நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் வீட்டிலை நிக்கிறன்."

அவர் வந்தால் என்ன பேசுவது என்று இன்னும் தெரியாது. சமைப்பதை மட்டும் தீர்மானித்துவிட்டேன். சோறும் மீன்குழம்பும்.